டோல் பூரி: ருசி கெடாமல் எண்ணெயைக் குறைப்பது எப்படி?

மொரீஷியஸில் பரவலாகப் புழங்கிய மலிவு விலைச் சமையல் எண்ணெயில் ஒரு காலத்தில் பெரும்பங்கு பாமாயில்தான். 1987இல் அரசு அதை முழுக்க சோயா எண்ணெயாக மாற்றியது. 1992இல் மறுபடி அளந்தபோது, மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. உடற்பயிற்சிப் பிரசாரமும் கூடவே நடந்தது. ஆனாலும் எண்ணெய்க்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதற்காக அங்கே யாரும் வாழையிலை விருந்தில் பரிமாறும் ஏழு கறியையோ, பருப்புப் பொடி அடைத்துச் சுடும் மெல்லிய ரொட்டியான டோல் பூரியையோ விட்டுவிடவில்லை.

நம் அடுப்பிலும் அதே வழிதான். பலகாரத்தை விட வேண்டாம், உள்ளே போகும் சாமானை மாற்றுவோம். முதலில் எண்ணெய், பிறகு மாவு, கடைசியில் உப்பு. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் வீட்டில் கலகம்தான்.

எட்டு பூரிக்கு, அதாவது நாலு ஜோடிக்கு, ஒரு கப் கடலைப்பருப்பு எடுத்து ஊறவைத்து, மஞ்சள் போட்டு வேகவையுங்கள். விரலால் நசுக்கினால் உடைய வேண்டும், குழையக் கூடாது. வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பருப்பு நன்றாக ஆறி ஈரம் போனதும், வறுத்த சீரகம் சேர்த்துப் பொடியாக அரையுங்கள். ஈரம் இருந்தால் தேய்க்கும்போது பூரி கிழிந்து பருப்பு வெளியே கொட்டும்.

மாவுக்கு மைதா ஒன்றரை கப், கோதுமை மாவு அரை கப். முழுக்கக் கோதுமை போட்டால் சப்பாத்தியாகிவிடும். அத்தை முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். வடித்த பருப்புத் தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றித் தளரப் பிசைந்தால், எண்ணெய் ஒரு ஸ்பூனே போதும். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு உருண்டை பிடித்து, நடுவில் குழித்து, பருப்புப் பொடியை அடைத்து மூடி, மாவு தூவி மெல்லியதாகத் தேயுங்கள்.

எண்ணெய் அதிகம் போவது தவாவில்தான். கரண்டியால் ஊற்றும் பழக்கத்தை விட்டு, பிரஷ்ஷால் தடவுங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெய் சுமார் 40 கலோரி; பூரிக்கு இரண்டு பக்கம், ஜோடிக்கு நாலு பக்கம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தவா நன்றாகக் காய்ந்திருந்தால் அரை டீஸ்பூனில் ஒரு பூரி முடிந்துவிடும். சூடு போதாத தவாதான் எண்ணெய் கேட்கும்.

தொட்டுக்கொள்ள க்ரோ ப்வா, அதாவது பெரிய வெள்ளை பீன்ஸ், கறி. காய்ந்த பீன்ஸை இரவே ஊறவைத்து நன்றாக வேகவையுங்கள். டின் பீன்ஸ் என்றால் வடித்து, குழாய்த் தண்ணீரில் அலசிவிடுங்கள், உப்பு கணிசமாகப் போய்விடும். வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை தாளித்து மசாலா அடிப்பிடிக்கும்போது, எண்ணெய்க்குப் பதில் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விடுங்கள். மசாலா பச்சை வாசனை போக வதங்கிவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பக்கத்தில் வைக்கும் அசாரில் (காய்கறி ஊறுகாய்) எவ்வளவு உப்பு இருக்கிறது என்று நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. அசாரைப் பாதியாக்கி, கொத்தமல்லிச் சட்னியைத் தாராளமாக வையுங்கள்.

சுட்ட பூரிகளை அடுக்கித் துணியால் மூடினால் மெத்தென்று இருக்கும். மிஞ்சியதை மறுநாள் சூடாக்க, லேசாகத் தண்ணீர் தெளித்துத் தவாவில் போட்டாலே போதும், எண்ணெய் வேண்டாம்.