அழகர்மலையில் மரம் குறைகிறதா? செயற்கைக்கோள் படம் வைத்துப் பார்க்கும் முறை

சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை மதுரைப் பக்கத்தைப் படமெடுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். எல்-2ஏ வகைப் படத்தில் (காற்றுமண்டலத்தின் தாக்கம் நீக்கியது) பி4 (சிவப்பு), பி8 (அண்மை அகச்சிவப்பு) பட்டைகள் மட்டும் போதும்.

தேதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அழகர்மலைச் சரிவுகளில் இருப்பது பெரும்பாலும் இலையுதிர் காடு. மாசி பிறந்தால் மொட்டையாகத் தொடங்கிவிடும். தைப் படத்தோடு பங்குனிப் படத்தை ஒப்பிட்டால் மலையையே வெட்டிச் சாய்த்துவிட்டார்கள் என்று தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும். ஆகவே ஜனவரிக்கு ஜனவரி வைத்துப் பாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், இலையும் நிற்கும்.

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ராஸ்டர் கால்குலேட்டரைத் திறந்து, இரண்டு ஆண்டுக்கும் தனித்தனியாகப் பச்சைக் குறியீடு (என்டிவிஐ; இலை அடர்ந்தால் எண் உயரும்) போடுங்கள்: (பி8 − பி4) ÷ (பி8 + பி4). அதற்கு முன் இறக்கிய படத்தொகுப்பின் பெயரைப் பாருங்கள். என்0400 (N0400) அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருந்தால், இரு பட்டையிலிருந்தும் முதலில் 1000 கழிக்க வேண்டும். 2022 ஜனவரி இறுதியில் வந்த மாற்றம் இது. கழிக்காமல் விட்டால் புதிய ஆண்டின் குறியீடு தானாகவே தாழ்ந்து, இல்லாத அழிவைக் காட்டும்.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. உலக வரைபடத்தை நெடுக்குப் பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில், மண்டலம் 43-ம் 44-ம் பிரியும் 78 பாகைக் கோடு மதுரைக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. அழகர்மலை 44, உசிலம்பட்டி 43. சிறுமலை அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. இரண்டு ஆண்டுக்கும் ஒரே கட்டத்தின் (டைல்) படத்தை எடுங்கள், இல்லாவிட்டால் படப்புள்ளிகள் பொருந்தாது.

புதிய ஆண்டின் குறியீட்டிலிருந்து பழையதைக் கழித்து, −0.2-க்குக் கீழே போன இடங்களைக் குறியுங்கள். மழை பொய்த்த ஆண்டில் மலை முழுவதும் தாழும். அப்போது மலையின் நடுமதிப்பு (மீடியன்) எவ்வளவு இறங்கியதோ அதை முதலில் ஈடுகட்டுங்கள். ஐந்து படப்புள்ளிக்குக் குறைந்த திட்டுகளை 'சீவ்' கருவியால் நீக்கலாம்.

ஒரு படப்புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒற்றைச் சந்தன மரம் போனால் இதில் தெரியாது. அதற்கு ரோந்துதான் வழி. மிஞ்சிய திட்டிலும் காட்டுத்தீயா, மண்சரிவா, வெட்டா என்று நேரில்தான் சொல்ல முடியும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியோடு, வனக்காப்பாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குறித்த இடங்களைக் கியூஃபீல்டு என்ற கைப்பேசிச் செயலியில் ஏற்றிக்கொண்டால் மலையில் சிக்னல் தேவையில்லை. மரத்தடியில் ஜிபிஎஸ் பத்து மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். இரண்டு மூன்று நிமிடம் நின்று பதியுங்கள். அடிக்கட்டையின் சுற்றளவு, வெட்டின் உயரம், ரம்பமா கோடாலியா என்பதைக் குறித்து, அளவுநாடா தெரியப் படமெடுங்கள். வேங்கையாக இருந்தால் வெட்டுவாயில் ரத்தம் போல் சிவந்த பிசின் வடிந்திருக்கும். ஈரம் காயாமல் இருந்தால் வெட்டு புதிது.

விவரம் முழுவதும் வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்தில் போகட்டும். இருப்பிடப் புள்ளிகளை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்; மிச்ச மரம் எங்கே நிற்கிறது என்று கடத்துபவனுக்கு வழிகாட்டியதாகிவிடும்.