அரை கிலோ துவரம் பருப்பு: புதிய ஜாப் கோச்சுக்கு முதல் பாடம்

அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரைக் கடையில் சேர்த்துவிட்டு, "போகப் போகப் பழகிடும்" என்று திரும்பி வந்தால், சில நாளிலேயே முதலாளியிடமிருந்து ஃபோன் வரும். கூடவே இருந்து கற்றுக்கொடுத்து, பிறகு மெல்ல விலகுவதுதான் ஜாப் கோச்சின் வேலை. மளிகைக் கடையில் அரை கிலோ பருப்பைப் பாக்கெட் போடும் வேலையை வைத்து அதைப் பார்ப்போம்.

1. முதலில் நீங்கள் செய்யுங்கள்

ஆளை அழைத்துப் போவதற்கு முன் அந்த மேஜையில் நின்று 50 பாக்கெட்டாவது போடுங்கள். கை செய்வதை அப்படியே எழுதுங்கள்: கவரை விரலால் தேய்த்து வாய் திற, டப்பாவுக்குள் நிறுத்து, தராசில் வை, டேர் (கவர், டப்பா எடையைக் கழித்துத் திரையைப் பூஜ்யமாக்கும் பொத்தான்) அமுக்கு, குவளையால் பருப்பு போடு, கரண்டியால் சரிசெய், கவர் வாயைத் துடை, நீவு, சீல் வை, லேபிள் ஒட்டு, கூடையில் போடு. மொத்தம் 11 அடி, அதாவது வேலையின் 11 சின்னப் படிகள். "எடை போடு" என்று ஒரே வரியில் எழுதினால், தவறு எங்கே நடக்கிறது என்பது கடைசிவரை தெரியாது.

2. தடுக்கும் இடத்தில் பொருளை மாற்றுங்கள்

1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர், 15 உறுப்புள்ள சைக்கிள் பிரேக்கைப் பூட்ட அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று தெரிய உறுப்புகளில் சிவப்பு வண்ணம் பூசினார். அதே புத்திதான் இங்கேயும்.

எடை: எண் படிக்கத் தெரியாதவருக்கும் ஒப்பிடத் தெரியும். 0.500 முதல் 0.505 வரை ஆறு எண்களை அட்டையில் எழுதித் தராசின் திரைக்குக் கீழே ஒட்டுங்கள். ஐந்து கிராம் கூடினால் பரவாயில்லையா என்று முதலாளியிடம் முன்பே கேட்டுவிடுங்கள். குறையக் கூடாது. கரண்டி ஐந்து கிராமுக்கு மேல் பிடிக்காததாக இருக்கட்டும். அப்போதுதான் ஒரே வீச்சில் எல்லை தாண்டாது.

சீல்: ஹேண்ட் சீலரில் விளக்கு அணைந்ததும் உடனே தூக்கினால் ஒட்டு சூடாகவே பிரிந்துவிடும். அணைந்த பிறகு "ஒண்ணு, ரெண்டு" எண்ணித் தூக்க வேண்டும். வாயில் பருப்புத் தூசியோ மடிப்போ இருந்தாலும் ஒட்டாது. மேலே மூன்று விரல் இடம் விடப் பழக்குங்கள். சூடு அதிகமானால் கவர் அறுந்துவிடும். சரியான அளவைக் கண்டுபிடித்து, டயலில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள்.

3. கடைசியிலிருந்து தொடங்குங்கள்

முதல் நாள் பத்து அடிகளையும் நீங்கள் செய்யுங்கள். கூடையில் போடுவது மட்டும் அவர். அது வந்ததும் லேபிள், பிறகு சீல் என்று பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு முறையும் முழுப் பாக்கெட் அவர் கையில்தான் முடியும்.

4. வாயைக் கட்டுங்கள்

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். தயங்கினால் ஐந்து நொடி பொறுங்கள். பிறகு சைகை, அப்புறம் செய்துகாட்டுவது, கடைசியாகத்தான் கை பிடிப்பது. "இப்ப டேர் அமுக்குங்க" என்று தினமும் சொன்னால், உங்கள் குரலும் ஒரு அடியாகச் சேர்ந்துவிடும். நீங்கள் வராத நாளில் வேலை அங்கேயே நிற்கும்.

5. குறித்து வைத்து விலகுங்கள்

11 அடிகளுக்கும் நேரே தினமும் ஒரு எழுத்து: தானாகச் செய்தால் 'த', சைகைக்கு 'சை', காட்டினால் 'கா', கை பிடித்தால் 'பி'. ஒரே அடியில் 'பி' நான்கு நாள் நீடித்தால் அந்த அடியை இன்னும் இரண்டாக உடையுங்கள். எல்லாம் மூன்று நாள் தொடர்ந்து 'த' என்றால் நீங்கள் அடுத்த மேஜைக்கு நகருங்கள். பிறகு வாசலுக்கு, பிறகு வாரம் ஒருமுறை. அதற்குள் பக்கத்தில் வேலை செய்யும் ஒருவரைச் சைகை மட்டும் காட்டப் பழக்கிவிடுங்கள்.

சம்பளப் பேச்சில் ஒன்று: இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) சேரச் சம்பள உச்சவரம்பு மற்றவர்களுக்கு மாதம் 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிக்கு 25,000. கணக்கர் பலருக்கு இது தெரிவதில்லை.

ஒரு கிலோ பாக்கெட்டுக்கு மாறினாலோ புதுத் தராசு வந்தாலோ நன்றாகச் செய்தவரும் திணறுவார். அன்று அட்டையை மாற்றி ஒட்டிவிட்டு ஒரு நாள் அவருடன் நில்லுங்கள்.