ஆங்கில வினைச்சொற்களில் நாம் தவறுவது எங்கே?

ஆங்கிலப் பிழைகள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை 'ஹீ கோ', 'ஷீ டோன்ட்' போன்றவைதாம். படர்க்கை ஒருமையில் வினையோடு 'எஸ்' சேர வேண்டும் என்பது பள்ளியிலேயே கற்றுத்தரப்படுவது. கவனம் வைத்தால் அந்தப் பிழை போய்விடும். நன்கு படித்தவர்களின் அலுவலகக் கடிதங்களிலும் விடாமல் தொடர்பவை வேறு. தமிழ் வினையின் கால அமைப்பை ஆங்கிலத்தின்மேல் அப்படியே ஏற்றுவதால் அவற்றில் பல பிறக்கின்றன.

அவற்றுள் 'ஹேட்' என்ற துணைவினையே முதலில் கவனிக்கத்தக்கது. "நேற்று உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன்" என்று நாம் எழுதும்போது, 'அனுப்பினேன்' என்பதில் இல்லாத ஒரு பணிவும், அதையொட்டி ஏதோ கேட்கப்போகிறோம் என்ற குறிப்பும் அதில் இருக்கின்றன. அதே நினைப்பில் 'ஐ ஹேட் சென்ட் யூ எ மெயில் யெஸ்டர்டே' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் இந்த 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' வடிவம், கடந்த காலத்தில் நடந்த இன்னொன்றுக்கு முன்பே முடிந்துவிட்ட செயலைச் சொல்வதற்கு உரியது. 'வென் வி ரீச்ட் தி ஸ்டேஷன், தி டிரெயின் ஹேட் லெஃப்ட்' என்பதில் நாம் நிலையத்தை அடைந்தது ஒன்று, அதற்கு முன்பே ரயில் புறப்பட்டது மற்றொன்று. அப்படி இரண்டாவது நிகழ்வு வாக்கியத்திலோ சூழலிலோ இல்லையென்றால், படிப்பவர் அதை எதிர்பார்த்து ஏமாறுவார். 'ஐ சென்ட் யூ எ மெயில் யெஸ்டர்டே' என்பதே போதும். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்' என முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் வந்துவிட்டால் 'ஹேவ்' என்பதற்கும் அங்கே இடமில்லை. 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' தவறு. 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' சரி. மாறாக, "2015 முதல் இங்கே வேலை செய்கிறேன்" என்பதற்குத் தமிழில் நிகழ்காலமே போதுமானதால், 'ஹேவ்' தேவைப்படும் இடத்தில் அதை விட்டுவிட்டு 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015' என்கிறோம். 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்' என்று தொடங்குவதே முறை.

"தினமும் பஸ்ஸில் போகிறேன்", "இதோ, போகிறேன்" என்ற இரண்டுக்கும் நமக்கு ஒரே வினைவடிவம் போதும். ஆங்கிலமோ வழக்கத்தை 'ஐ கோ' என்றும், நடந்துகொண்டிருப்பதை 'ஐ ஆம் கோயிங்' என்றும் பிரிக்கிறது. அறிதல், உடைமை போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகள் பொதுவாக 'இங்' ஏற்பதில்லை. ஆகவே 'ஐ ஆம் நோயிங் ஹிம்', 'ஷீ இஸ் ஹேவிங் டூ பிரதர்ஸ்' ஆகியவை பிழை. 'ஷீ இஸ் ஹேவிங் லஞ்ச்' மட்டும் எப்படிச் சரியாகிறது என்றால், அங்கே 'ஹேவ்' உண்ணும் செயலைக் குறிக்கிறது.

எதிர்மறையில் சிக்கல் வேறு. 'வரவில்லை' என்ற சொல் தன்னளவில் காலம் காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் 'டிட்' அந்தப் பொறுப்பை ஏற்பதால், அதன்பின் வரும் வினை வகுப்பறையில் 'வி1' என்று சொல்லும் மூலவடிவிலேயே நிற்க வேண்டும்: 'டிட் நாட் கேம்' அல்ல, 'டிட் நாட் கம்'. "நேற்று வரவில்லை" என்பதற்கு அது பொருந்தும். "இன்னும் வரவில்லை" என்பதற்கு 'ஹேஸ் நாட் கம் யெட்' என்று எழுதுவது நல்லது, அமெரிக்கப் பேச்சில் 'டிட் நாட் கம் யெட்' என்றும் கேட்கலாம் என்றாலும்.