அமெரிக்க ஃபெடரல் கோர்ட் டிரான்ஸ்கிரிப்ட்: ஆர்டர் பண்றதும் பில்லைச் சரிபார்க்கிறதும்

ஃபெடரல் கோர்ட்ல டிரான்ஸ்கிரிப்ட், அதாவது விசாரணையில பேசினதோட எழுத்துப் பிரதி, கேட்டவங்க பில்லைப் பாத்ததும் கேக்குறது ஒண்ணுதான், கோர்ட் ரிப்போர்ட்டருக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குதே, அப்புறம் நான் எதுக்குத் தனியா கட்டணும்னு. சம்பளம் கோர்ட்ல உக்காந்து ஸ்டெனோ மெஷின்ல எல்லாத்தையும் பதிவு பண்றதுக்கு. அதை எழுத்தாக்கி, பேரு நம்பர் எல்லாம் சரிபாத்து, சர்டிஃபை பண்ணித் தர்றதுக்குப் பக்கக் கணக்குல தனிக் காசு, ஃபெடரல் சட்டத்தோட 28 யுஎஸ் கோட் 753வது பிரிவே அப்படித்தான் சொல்லுது. ராத்திரி வீட்ல நடக்குற வேலை அது, ஸ்கோப்பிஸ்ட், அதாவது டிரான்ஸ்கிரிப்ட்டைத் திருத்திக் குடுக்குறவங்க, வச்சு திருத்தினா அந்தக் கூலியும் ரிப்போர்ட்டர் கையிலேருந்துதான் போகும். அதனால பேரம் பேசாதீங்க, ஆனா கணக்கைக் கண்டிப்பா பாருங்க.

ரேட்டுக்கு ஃபெடரல் கோர்ட்டுகளுக்குக் கொள்கை வகுக்குற ஜட்ஜுங்க அமைப்பான ஜுடிஷியல் கான்ஃபரன்ஸ் உச்சவரம்பு வச்சிருக்கு. 2024 அக்டோபர் 1லேருந்து ஒரிஜினல் ஒரு பக்கம் 30 நாள்ல வேணும்னா 4.40 டாலர், 14 நாள்னா 5.10, 7 நாள்னா 5.85, 3 நாள்னா 6.55, மறுநாளே வேணும்னா 7.30, ரெண்டு மணிநேரத்துல வேணும்னா 8.70. உங்க கோர்ட் வெப்சைட்ல போட்டிருக்கிற ரேட்டையும் ஒருதடவை பாத்துக்குங்க. இன்னொரு பார்ட்டி ஏற்கனவே ஒரிஜினல் வாங்கிட்டாங்கன்னா உங்களுக்கு காப்பி ரேட்தான், சாதாரண டெலிவரிக்கு பக்கம் 1.10 டாலர். 200 பக்கத்துக்கு 880 எங்க, 220 எங்க, அதனால ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்டர்கிட்ட இதை யாராவது ஏற்கனவே எடுத்துட்டாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க.

ஆர்டர் ஏஓ 435 ஃபாரம்ல போடணும். எந்தத் தேதி, எந்த விசாரணை, எத்தனை நாள்ல வேணும்னு தெளிவா எழுதுங்க, ஒரே ஒரு சாட்சியோட வாக்குமூலம் போதும்னா அதை மட்டும் கேக்கலாம், முழு நாளையும் வாங்கணும்னு இல்ல. மதிப்பீட்டுத் தொகையை முன்பணமா கேக்க ரிப்போர்ட்டருக்கு சட்டப்படி உரிமை இருக்கு. கிரிமினல் கேஸ்ல வசதி இல்லாதவங்களுக்கு அரசு செலவுல வக்கீல் வச்சிருந்தா அந்த வக்கீல் சிஜேஏ 24ங்கிற டிரான்ஸ்கிரிப்ட் வவுச்சர் ஃபாரம்ல ஜட்ஜ் ஒப்புதல் வாங்கணும், அப்போ காசை அரசாங்கமே ரிப்போர்ட்டருக்குக் குடுத்துரும்.

பில் வந்ததும் முதல்ல பக்கத்தைப் பாருங்க. ஒரு பக்கத்துக்கு 25 வரி, ஓரத்துல 1லேருந்து 25 வரைக்கும் நம்பர் இருக்கும், இடது மார்ஜின் ஒண்ணேமுக்கால் இன்ச், ஒரு முழு வரியில சுமாரா 63 எழுத்து. மார்ஜினை அகலமாக்கினாலோ எழுத்தைப் பெருசாக்கினாலோ பக்கம் கூடும், காசும் கூடும், அதுக்குத்தான் இந்த விதி. நடுவுலேருந்து ஒரு பக்கத்தை எடுத்து, ஓரம் வரைக்கும் ஓடுற ஒரு வரியில எழுத்தை எண்ணிப் பாருங்க, ரொம்பக் கம்மியா இருந்தா தயங்காம கேளுங்க.

அடுத்தது தேதி, பலபேர் கோட்டை விடுற இடம் இதுதான். 7 நாள் ரேட் குடுத்து 9வது நாள் கைக்கு வந்தா 14 நாள் ரேட்தான் வாங்கலாம், 200 பக்கத்துக்கு 1,170 இல்ல, 1,020. அப்பீலுக்கான சாதாரண டிரான்ஸ்கிரிப்ட் 30 நாள் தாண்டினா 90 சதவீதம்தான், 60 நாள் தாண்டினா 80 சதவீதம்தான், அப்பீல் கோர்ட் டைம் நீட்டிக் குடுத்திருந்தாலும்கூட பொதுவா இந்தக் குறைப்பு போகாது. அதனால ஆர்டர் போட்ட நாள், முன்பணம் கட்டின நாள், கைக்கு வந்த நாள் மூணையும் மெயில்ல பத்திரமா வச்சுக்குங்க.

அவசரமே இல்லன்னா, டிரான்ஸ்கிரிப்ட் கிளார்க் ஆபீஸ்ல ஃபைல் ஆகி 90 நாள் கழிச்சு பேசர்ல (ஃபெடரல் கோர்ட் ஆவணங்களை ஆன்லைன்ல பாக்குற PACER தளம்) வரும், பக்கம் 10 சென்ட், ஆனா மத்த டாகுமென்ட் ஒண்ணுக்கு அதிகபட்சம் 3 டாலர்னு இருக்கிற வரம்பு இதுக்கு இல்ல. அந்த 90 நாளுக்குள்ளயும் கிளார்க் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல காசில்லாம உக்காந்து படிக்கலாம், காப்பி மட்டும் எடுத்துட்டு வர முடியாது.