டாஸ்க் மேனேஜரில் தெரியாத பிரிண்டர் புரோகிராம்கள்: ஆளைக் கண்டுபிடிப்பதும் அடக்கி வைப்பதும்

பழைய கணினி ஒன்றைச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலை வந்தது. ஜெராக்ஸ் கடையில் ஓடிய கணினி. பல வருடங்களில் வந்து போன பிரிண்டர்கள் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எதையாவது விட்டுச் சென்றிருந்தன. அதைச் சரிசெய்தபோது எடுத்து வைத்த குறிப்புகள்தான் இவை. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன்.

படி 1: பெயரை விடுங்கள், முகவரியைப் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'டீட்டெயில்ஸ்' பகுதிக்குப் போங்கள். மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' வழியாக 'இமேஜ் பாத் நேம்', 'கமாண்ட் லைன்' இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதில் ஏமாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

விண்டோஸுக்குச் சொந்தமானவற்றில் அடிக்கடி தென்படுபவை மூன்று:

- ஸ்பூல்எஸ்வி: பிரிண்ட் ஸ்பூலர் சேவை. அச்சுக்குப் போகும் வேலைகளை வரிசையில் நிறுத்தி வைப்பது இதுதான். இருக்க வேண்டிய இடம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள சிஸ்டம்32.
- பிரிண்ட்ஐசொலேஷன்ஹோஸ்ட்: இதுவும் சிஸ்டம்32-இல் இருக்கும். ஒரு டிரைவர் (பிரிண்டரோடு விண்டோஸைப் பேச வைக்கும் மென்பொருள்) செயலிழந்தால் ஸ்பூலரையும் சேர்த்துக் கவிழ்க்காமல் இருக்க, டிரைவரைத் தனியே ஓடவிடும் ஏற்பாடு. விண்டோஸ் 7 காலத்தில் வந்தது.
- எஸ்பிஎல்வாவ்64: இது மட்டும் நேராக விண்டோஸ் ஃபோல்டரிலேயே இருக்கும். 32 பிட் மென்பொருள் ஒன்று 64 பிட் டிரைவர் வழியாக அச்சிட வேண்டுமென்றால் நடுவில் நின்று வேலையை முடித்துக் கொடுக்கும். பழைய கணக்கு மென்பொருளில் பில் அடிப்பவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள். அந்த மென்பொருளை மூடினால் சற்று நேரத்தில் தானே போய்விடும்.

இதே பெயர்களில் ஒன்று 'ஆப்டேட்டா', 'டெம்ப்' போன்ற ஃபோல்டர்களிலிருந்து ஓடினால், மேற்கொண்டு படிக்காமல் இணையத்தைத் துண்டித்துவிட்டு விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்கள்.

மற்றவை பெரும்பாலும் பிரிண்டர் நிறுவனங்களுடையவை. எப்சன் பிரிண்டரின் நிலை காட்டும் மானிட்டர் ஆங்கில 'ஈ' எழுத்து, அடிக்கோடு, பிறகு நாலைந்து எழுத்து என்று வாயில் நுழையாத பெயரோடு வரும். கேனனுடையவை பெரும்பாலும் 'சிஎன்' என்றும், பிரதருடையவை 'பிஆர்' என்றும், ஹெச்பியுடையவை 'ஹெச்பி' என்றும் தொடங்கும். ஆனால் ஹெச்பியின் 'ஸ்கேன்டூபிசிஆக்டிவேஷன்ஆப்' போல விதிவிலக்குகளும் உண்டு.

எப்சன் மானிட்டர் இருக்கும் இடம்தான் பலரைக் கலங்கடிக்கிறது: சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் எக்ஸ்64, அதற்குள் வெறுமனே '3' என்று ஒரு ஃபோல்டர். எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரைப் பார்த்ததும் சந்தேகம் வருவது இயல்பு. அது டிரைவர் வகையின் பதிப்பு எண், பயப்பட ஒன்றுமில்லை. கமாண்ட் லைன் பகுதியை இழுத்து அகலமாக்கிப் பாருங்கள். வரியின் கடைசியில் 'எல்210 சீரீஸ்' என்பது போல மாடல் பெயரே எழுதியிருக்கும். அந்த மாடல் உங்கள் மேஜையில் இல்லையென்றால், விற்றுவிட்ட பிரிண்டருக்கு இன்னும் காவல் காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

படி 2: கையெழுத்துச் சோதனை

கோப்பின் மேல் ரைட் கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்'. அங்கே பிரிண்டர் நிறுவனத்தின் பெயர் இருந்தால் சரி.

பின்சேர்க்கை: "ஸ்பூல்எஸ்வி கோப்பில் அந்தப் பகுதியே இல்லை, போலியா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். போலி இல்லை. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பலவற்றுக்குக் கையெழுத்து கோப்புக்குள் இருக்காது. கேட்டலாக் என்ற தனிப் பட்டியலில் இருக்கும். ப்ராப்பர்ட்டீஸ் பெட்டிக்கு அது தெரியாது. இதற்காகவே நான் டாஸ்க் மேனேஜரை விட ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரை விரும்புகிறேன். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும், நிறுவ வேண்டியதில்லை. 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் 'வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கேட்டலாக்கையும் சேர்த்துப் பார்த்து 'வெரிஃபைட்' என்று சொல்லிவிடும். கோப்பைப் பல வைரஸ் தடுப்பு மென்பொருள்களிடம் காட்டிப் பார்க்கும் வைரஸ்டோட்டல் சோதனையும் அதே மெனுவில் இருக்கிறது.

கோப்பின் பெயரை இணையத்தில் தேடினால் 'இந்தக் கோப்பு ஆபத்தானதா?' என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரு கிளீனரையோ டிரைவர் அப்டேட்டரையோ இறக்கச் சொல்லும் தளங்கள்தான் முதலில் வரும். அவற்றின் பக்கம் போகவே வேண்டாம்.

படி 3: தானாகத் தொடங்குவதை நிறுத்துவது

'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது மறுபடி வந்து நிற்கும். டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் 'டிசேபிள்' செய்யுங்கள். அங்கே தென்படவில்லையென்றால் தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும் சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸைத் திறந்து, 'லாகான்', 'ஷெட்யூல்டு டாஸ்க்ஸ்', 'சர்வீசஸ்' மூன்றிலும் தேடுங்கள். டிக்கை மட்டும் எடுங்கள், வரியை அழிக்காதீர்கள். வேண்டுமென்றால் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

மை அளவு காட்டும் மானிட்டரை நான் எல்லாக் கணினிகளிலும் நிறுத்திவிடுவேன். டாங்க் பிரிண்டரில் மை எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஸ்கேன் தொடர்பானவற்றை நிறுத்தும் முன் மட்டும் யோசியுங்கள். பிரிண்டரில் உள்ள ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் கணினியில் வந்து விழ வேண்டுமென்றால், அதற்கான புரோகிராம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

படி 4: பழைய டிரைவரை வேரோடு எடுப்பது

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. செட்டிங்ஸில் பிரிண்டரை நீக்கினால் பெயர்தான் போகும், டிரைவர் அப்படியே இருக்கும். அதை எடுக்க, செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பக்கத்தின் அடியில் 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' இருக்கும், அதில் 'டிரைவர்ஸ்'. பழைய மாடலைத் தேர்ந்தெடுத்து 'ரிமூவ்', பிறகு 'டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்'.

பாதிப் பேருக்கு இங்கே 'டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது' என்று வந்து நிற்கும். முதலில் பிரிண்டர் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். யுஎஸ்பி கேபிளை வேறு துளையில் செருகியதால் 'காப்பி 1' என்று ஒரு நகல் உருவாகியிருக்கலாம்; ஃபேக்ஸ் வசதியுள்ள மாடல் என்றால் ஃபேக்ஸுக்கென்று தனிப் பிரிண்டர் ஒன்று இருக்கும். இவை அதே டிரைவரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவற்றையும் நீக்குங்கள்.

அப்படியும் நகரவில்லையா? வேர்டு, பிரவுசர், பில் மென்பொருள் எல்லாவற்றையும் மூடுங்கள். எஸ்பிஎல்வாவ்64 போகும்வரை காத்திருங்கள். 'ரிமூவ்' பெட்டியைத் தயாராகத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் 'சர்வீசஸ்' திறந்து பிரிண்ட் ஸ்பூலரில் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அது எழுந்த கையோடு, எந்தப் புரோகிராமும் டிரைவரைத் தொடுவதற்குள், நீக்குங்கள். ஸ்பூலரை முழுதாக நிறுத்திவிட்டு நீக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. ஸ்பூலர் ஓடவில்லையென்றால் இந்தப் பெட்டியே வேலை செய்யாது. 'ஸ்டாப்' வேண்டாம், 'ரீஸ்டார்ட்' மட்டும்.

ஸ்பூலரே சிபியுவைத் தின்றால்

பெரும்பாலும் வரிசையில் சிக்கிய ஒரு வேலைதான் காரணம். இதற்கு மட்டும் ஸ்பூலரை நிறுத்த வேண்டும். பிறகு சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போனால் எஸ்பிஎல், எஸ்ஹெச்டி என்று முடியும் கோப்புகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்றில் அச்சிட வேண்டிய தரவு, மற்றொன்றில் அந்த வேலையின் விவரம். எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், ஃபோல்டரை விட்டுவிடுங்கள். ஸ்பூலரை மறுபடி 'ஸ்டார்ட்' செய்யுங்கள்.

ஸ்பூலரை நிரந்தரமாக முடக்கலாமா என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது: 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு ஸ்பூலரின் ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தியது, 2021-இல் பிரிண்ட்நைட்மேர் என்ற ஸ்பூலர் ஓட்டை வெளிப்பட்டபோது மைக்ரோசாஃப்ட் வழக்கமான மாதாந்திரத் தேதிக்குக் காத்திராமல் ஜூலை மாதம் அவசரத் திருத்தம் வெளியிட்டது. அச்சே எடுக்காத கணினி என்றால் தாராளமாக முடக்குங்கள். ஆனால் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' வசதியும் ஸ்பூலரை நம்பித்தான் இருக்கிறது. முடக்கியதும் அதுவும் போய்விடும். ரயில் டிக்கெட்டைப் பிடிஎஃப் ஆக்க முடியவில்லை என்று வந்த புகார்களுக்கு இதுதான் பதில்.

பின்சேர்க்கை 2: விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் 'விண்டோஸ் ப்ரொடெக்டட் பிரிண்ட் மோட்' என்று ஒன்று வந்திருக்கிறது. அதை இயக்கினால் நிறுவனங்களின் டிரைவர்களை ஒதுக்கிவிட்டு விண்டோஸின் சொந்த முறையிலேயே அச்சிடும். மேலே சொன்ன தலைவலிகளில் பலவும் இல்லாமல் போகும். மோப்ரியா (பிரிண்டர் நிறுவனங்களின் கூட்டமைப்பு) சான்று பெற்ற பிரிண்டர்களுக்கு மட்டும்தான் இது சரிப்படும். யுஎஸ்பியில் மாட்டிய பழைய பிரிண்டர் பட்டியலிலிருந்தே காணாமல் போகலாம். பிறகு இந்த முறையை அணைத்தாலும் அந்தப் பிரிண்டரை மறுபடி நிறுவியாக வேண்டும். இயக்கும் முன் உங்கள் மாடல் மோப்ரியா தளத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.