சிங்கப்பூரில் ஓட்டல் மாறித் தங்கும் ஓய்வான ஐந்து இரவுகள்: முதல்முறை செல்வோருக்கான செய்முறை

சிங்கப்பூர் சிறிய நகரம்தான். ஆனாலும் லிட்டில் இந்தியாவின் காலை நேரமும் மரினா விரிகுடாவின் இரவு நேரமும் ஒரே ஓட்டல் அறையிலிருந்து கிடைப்பதில்லை. முதல் மூன்று இரவுகளை லிட்டில் இந்தியாவிலும் அடுத்த இரண்டு இரவுகளை விரிகுடாப் பகுதியிலும் கழிப்பதற்கான திட்டத்தை இங்கே படிப்படியாகக் காணலாம். பெட்டியோடு இடம் மாறும் அந்த ஒரு நாளைச் சரியாக அமைத்துக்கொண்டால் மற்ற நாள்கள் சிரமமின்றிக் கழியும். அதை அமைக்கத் தவறினால், அறை கிடைக்கும்வரை பெட்டிக்குக் காவலிருப்பதிலேயே அரை நாள் போய்விடும்.

படி 1: ஓட்டலுக்கு முன்னால் ரயில் தடத்தைப் பாருங்கள்

எம்ஆர்டி எனப்படும் நகர ரயிலின் வரைபடத்தில் நீல நிறத்தில் இருப்பது டவுன்டவுன் தடம். தாவரவியல் பூங்கா, லிட்டில் இந்தியா, பூகிஸ், பேஃப்ரன்ட், சைனாடவுன் ஆகிய நிலையங்கள் அனைத்தும் இந்த ஒரே தடத்தில் உள்ளன. இரண்டு ஓட்டல்களையும் இந்தத் தடத்தின் நிலையங்களுக்கு நடக்கும் தூரத்தில் தேர்ந்தெடுத்தால், பெட்டியுடன் ரயில் மாறி ஏற வேண்டிய தேவையே இருக்காது. லிட்டில் இந்தியாவிலிருந்து நான்காவது நிலையம் பேஃப்ரன்ட். விரிகுடாவின் வாடகை கட்டுப்படியாகாதவர்கள், அதற்கும் மூன்று நிலையங்கள் தள்ளியுள்ள சைனாடவுனை இரண்டாவது இருப்பிடமாகக் கொள்ளலாம். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயிலான, 1827இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. செந்தோசா தீவில் மூன்றாவதாக ஓர் ஓட்டலையும் சேர்த்துக்கொள்ளும் ஆசை பலருக்கு வரும். ஐந்து இரவுகளுக்கு அது மிகை.

படி 2: கிழமைகளைப் பொருத்துங்கள்

விரிகுடாப் பகுதி ஓட்டல்களில் வெள்ளி, சனி இரவுகளுக்கு வாடகை பொதுவாகக் கூடுதலாக இருக்கும். எனவே வியாழக்கிழமை காலையில் சென்று இறங்கி, வியாழன், வெள்ளி, சனி இரவுகளை லிட்டில் இந்தியாவில் கழித்துவிட்டு, ஞாயிறு காலையில் இடம் மாறி, செவ்வாய்க்கிழமை ஊர் திரும்புவது நல்லது. ஞாயிறு காலை ரயில்களில் அலுவலகக் கூட்டமும் இருக்காது. அன்று மாலையில், வார விடுமுறை பெற்ற வெளிநாட்டுத் தொழிலாளர்களால் லிட்டில் இந்தியாவின் தெருக்கள் நிரம்பிவிடும் என்பதால், அதற்கு முன்பே பெட்டியோடு வெளியேறிவிடுவது வசதி. ஃபார்முலா 1 இரவுப் பந்தயம் நடக்கும் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். விரிகுடாவை ஒட்டிய சாலைகளிலேயே பந்தயம் நடப்பதால் அறை வாடகை எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

படி 3: முன்பதிவில் மூன்று செய்திகளைச் சரிபாருங்கள்

முதலாவது, வரி. சில தளங்களிலும் ஓட்டல்களிலும் வாடகைத் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்து வரும் தொகைக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் தனி என்பதே அதன் பொருள். அதாவது 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று காட்டப்படும் அறைக்கு ஏறத்தாழ 240 வெள்ளி செலுத்த நேரிடும். இரண்டாவது, சன்னல். லிட்டில் இந்தியாவின் குறைந்த வாடகை ஓட்டல்களில் சன்னலே இல்லாத அறைகள் சாதாரணம். அறையின் விவரத்தில் சன்னல் உண்டு என்று தெளிவாக எழுதப்படாவிட்டால், இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, வைப்புத்தொகை. அறை எடுக்கும்போது பல ஓட்டல்கள் உங்கள் அட்டையில் ஒரு தொகையை நிறுத்திவைக்கும். டெபிட் அட்டையாக இருந்தால் முதல் ஓட்டல் விடுவித்த பணம் கணக்குக்குத் திரும்பும் முன்பே இரண்டாவது ஓட்டலும் நிறுத்திவைத்துவிடும் என்பதால், இதற்குக் கிரெடிட் அட்டையைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

படி 4: புறப்படுவதற்கு முன்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு விசா தேவை. அதைத் தவிர, எஸ்ஜி அரைவல் கார்டு என்னும் இணையப் படிவத்தை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். அரசின் குடிநுழைவுத் துறைத் தளத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அதை மூடிவிடுங்கள். தங்குமிடம் என்ற கட்டத்தில் முதல் ஓட்டலின் பெயரைக் குறிப்பிடுங்கள். வங்கிச் செயலியில் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவைத்தால், ரயிலிலும் பேருந்திலும் அதையே தட்டிச் செல்லலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும் என்பதையும், வெளிநாட்டு அட்டைகளுக்குச் சிறு நிர்வாகக் கட்டணம் உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அங்குள்ள மின்செருகிகள் மூன்று சதுர முனைகள் கொண்டவை என்பதால் அடாப்டர் ஒன்றும் தேவைப்படும்.

படி 5: விடியற்காலை வருகையைச் சமாளியுங்கள்

சென்னையிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இரவு விமானத்தில் ஏறினால் தூக்கம் முழுமையடையாமல் விடியலில் இறங்குவீர்கள், ஆனால் அறையோ பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். முதியவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால், முந்தைய இரவையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டு, விடியலில்தான் வருவோம் என்று ஓட்டலுக்கு எழுதித் தெரிவிப்பது செலவானாலும் பலனுள்ளது. மற்றவர்கள் பெட்டியை வரவேற்பு மேசையில் ஒப்படைத்துவிட்டுத் தேக்கா உணவங்காடிக்கோ, 1947 முதல் இயங்கிவரும் கோமள விலாஸுக்கோ காலை உணவுக்குப் போகலாம்.

ரயிலில் வருவோருக்கு ஒரு நுணுக்கம். விமான நிலையத்திலிருந்து ஒரே நிறுத்தத்தில் எக்ஸ்போ வந்து நீலத் தடத்துக்கு மாறலாம். ஆனால் அந்தத் தடம் நகரத்தின் நடுவே வளைந்து செல்வதால், ரயில் சைனாடவுனையும் பேஃப்ரன்டையும் கடந்த பிறகே லிட்டில் இந்தியாவை அடையும். அதற்கு வெகு முன்னதாகவே வரும் ஜாலான் புசார் நிலையத்தில் இறங்கி நடந்தால், அப்பகுதியின் பல ஓட்டல்களுக்கு விரைவாகச் சேரலாம். பெரிய பெட்டிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் டாக்சியே மேல். கிராப் செயலியில் அழைக்கும் தனியார் கார்களில், 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். டாக்சிகளுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு.

படி 6: நாளுக்கு ஒரு காலை, ஒரு மாலை

நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் நண்பகல் புழுங்கும், பிற்பகலில் இடியுடன் மழை பெய்வதும் இயல்பு. ஆகவே திறந்தவெளி இடங்களைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொண்டு, நடுப்பகலை அறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலையில், லிட்டில் இந்தியாவிலிருந்து எதிர்த்திசையில் மூன்றாவது நிலையமான தாவரவியல் பூங்காவுக்குச் செல்லலாம். 1859இல் தொடங்கப்பட்டு 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமான அந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே உள்ள ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே உண்டு. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் என்னும் அருங்காட்சியகத்தைச் சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள். திங்கள்கிழமை அது மூடியிருக்கும். சிராங்கூன் சாலையின் வீரமாகாளியம்மன் கோயிலுக்குக் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது, ஏனெனில் அங்குள்ள கோயில்களில் நண்பகலில் நடை சாத்துவது வழக்கம்.

படி 7: இடம் மாறும் ஞாயிறு

சனி இரவே இரண்டு விதமாகப் பெட்டி கட்டுங்கள். கடவுச்சீட்டு, மருந்து, சார்ஜர், மாற்றுடை, நீச்சல் உடை ஆகியவை ஒரு சிறு பைக்குள் இருக்கட்டும். எஞ்சியவை பெரிய பெட்டிக்குள் போகட்டும். பெரிய பெட்டி பிற்பகல்வரை உங்கள் கைக்கு எட்டாது என்று எண்ணிக்கொண்டு கட்டினால் எதுவும் விட்டுப்போகாது.

காலை உணவை முடித்து 10 மணியளவில் அறையை ஒப்படைத்துவிட்டு நேராக இரண்டாவது ஓட்டலுக்குப் போங்கள். பழைய ஓட்டலில் பெட்டியை விட்டுவிட்டுச் சுற்றப் போனால் அதற்காகவே திரும்பி வர நேரும் என்பதால், பெட்டி எப்போதும் உங்களுக்கு முன்னால் போய்ச் சேருவதே முறை. அங்கே பெட்டியை வாங்கிக்கொண்டு சீட்டுத் தருவார்கள். அப்போதே கைப்பேசி எண்ணைக் கொடுத்து, அறை தயாரானதும் தகவல் தரும்படி கேட்டுவிடுங்கள்.

பிற்பகல் 3 மணிவரையிலான இடைவெளிக்கு ஒரே ஓர் இடம் போதும். பேஃப்ரன்ட் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை தி பே), மலர்க் குவிமாடம், மேகக்காடு என இரண்டு குளிரூட்டப்பட்ட கண்ணாடிக் கூடங்கள் உள்ளன. மேகக்காட்டின் உள்ளேயே 35 மீட்டர் உயர அருவி ஒன்று கொட்டுகிறது. வெளியே வெயிலோ மழையோ, உள்ளே கவலையில்லை. பராமரிப்புக்காக மூடும் நாள்களை மட்டும் அவர்களது தளத்தில் பார்த்துக்கொண்டு சீட்டு வாங்குங்கள். பிறகு அறைக்கு வந்து உறங்கிவிட்டு, இரவு 7.45க்கும் 8.45க்கும் அதே தோட்டத்தின் செயற்கை மரக் கோபுரங்களான சூப்பர் மரங்களின் கீழ் இலவசமாக நடக்கும் ஒளி, ஒலிக் காட்சிக்குத் திரும்பினால் அன்றைய நாள் நிறைவாகும். மரினா பே சேண்ட்ஸின் 57ஆம் மாடி நீச்சல்குளம் அந்த ஓட்டலில் தங்குவோருக்கு மட்டுமே என்பதால், அதற்காகவே அங்கே ஓர் இரவு எடுப்பவர்கள் உண்டு. எடுத்தால் அன்று வேறு எங்கும் போகாதீர்கள். கொடுத்த வாடகைக்கு அந்தக் குளமே கணக்கு.

படி 8: பொருள் வாங்குவதைத் திங்களுக்குத் தள்ளுங்கள்

முஸ்தபா சென்டர் லிட்டில் இந்தியாவில்தானே இருக்கிறது என்று முதல் நாளே வாங்கிக் குவித்தால், அந்தச் சுமை முழுவதும் ஞாயிறன்று உங்களுடன் இடம் மாறும். அது இரவு வெகுநேரம் திறந்திருக்கும் கடை என்பதால், திங்கள் மாலை வெறும் பையோடு ரயிலேறிப் போய்வரலாம்.

படி 9: செவ்வாய்ப் புறப்பாடு

இரவு விமானம் என்றால் அறையை ஒப்படைத்த பிறகு மீண்டும் நீண்ட இடைவெளி விழும். நகரத்திலேயே சுற்றுவதைவிட, பெட்டியுடன் சாங்கி விமான நிலையத்துக்குச் சென்றுவிடுவது எளிது. பேஃப்ரன்டிலிருந்து எக்ஸ்போ வழியாகச் செல்ல ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சில விமான நிறுவனங்கள் பல மணி நேரம் முன்பே பெட்டிகளை வாங்கிக்கொள்கின்றன. அந்த வசதி உங்கள் விமானத்துக்கு இல்லையென்றால் கட்டணப் பெட்டிக் காப்பகம் உண்டு. பிறகு 2019இல் திறக்கப்பட்ட ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவியைப் பார்த்துக்கொண்டே மாலை உணவை முடிக்கலாம். முதல் முனையத்திலிருந்து நேரடி வழியும், இரண்டாம், மூன்றாம் முனையங்களிலிருந்து இணைப்புப் பாலங்களும் இருப்பதால், பெட்டிகளைக் கொடுத்தபின் இந்த மூன்று முனையங்களில் எதிலிருந்து புறப்பட்டாலும் அங்கே நடந்தே செல்லலாம். நான்காம் முனையத்திலிருந்து மட்டும் பேருந்தில் வர வேண்டும்.