பாதியில் கிடந்த கொட்டான்: வீட்டுப் பெரியவர்களின் மனச்சோர்வைக் கண்டுகொள்வது எப்படி?

எங்கள் அப்பத்தாவுக்கு 74 வயது. காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், அத்தனை பெரிய வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். மத்தியானம் சாப்பிட்டதும் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், உட்கார்ந்து கொட்டான் என்கிற பனை ஓலைக் கூடை முடைவார். போன வருடம் பாதி முடைந்த கொட்டான் ஒன்று மூன்று மாதம் அப்படியே கிடந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் அதைத் தாண்டித்தான் நடந்தேன்.

மனசு சரியில்லை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. இடுப்பு வலி, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, "வாய்க்கு ஒண்ணும் புடிக்கலப்பு". ஒரு மருத்துவர் மாதக்கணக்கில் வலி மாத்திரையே எழுதித் தந்தார். வயதானவர்களிடம் மனச்சோர்வு அழுகையாக வராமல் உடம்பு வலியாக, சோர்வாக, சில நேரம் மறதியாகவும் வரும். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் தினசரி காலண்டரை எடுங்கள். தூங்கினாரா, சாப்பிட்டாரா, பிடித்த வேலையைத் தொட்டாரா என்று ஒவ்வொரு தாளிலும் குறியுங்கள். துக்கம் வரும், போகும். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் எதிலுமே நாட்டமில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

அப்புறம், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நான் கேட்டபோது, "எல்லாரும் போயிட்டாக, என்னைய மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கானோ" என்றார். அப்படிச் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "செத்துப்போகலாம்னு தோணுதா அப்பத்தா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல், பூச்சிமருந்தையும் சேர்த்துவைத்த மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது காலண்டர் தாள்களையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தசோகை, சர்க்கரை பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். இவற்றின் கோளாறும் இதே சோர்வைத் தரும்.

மனச்சோர்வுக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரை விஷயத்தில்தான் நாங்கள் தடுமாறினோம். முதல் வாரம் வயிற்றுப் பிரட்டல். பத்தாம் நாள், பலனே இல்லை, நிறுத்திவிடலாம் என்றார் சித்தப்பா. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், பெரியவர்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம். புதிதாகத் தலைசுற்றலோ குழப்பமோ வந்தால் உடனே சொல்லுங்கள். சில மாத்திரைகள் ரத்தத்தில் உப்புச் சத்தைக் குறைத்துவிடும், அதனாலும் இப்படி வரலாம். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நாமாக நிறுத்தக் கூடாது. பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள் பக்கத்து வீட்டில். போனோம், மாத்திரையும் கொடுத்தோம்.

எல்லாமே மனச்சோர்வு ஆகிவிடாது. காரணமில்லாமல் நெஞ்சு படபடத்துச் சாகப்போகிறோம் என்ற பயம் திடீரென்று வந்து, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் அடங்கினால் அது பதற்ற நோயாக இருக்கலாம். ஆனால் முதல்முறை வரும்போது இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். இல்லாத குரல் கேட்பது, தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருப்பது, இவை வேறு நோய்களின் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள்.

சித்தப்பா இப்போது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு சிங்கப்பூரிலிருந்து கூப்பிடுகிறார். ஆறாவது வாரம் அப்பத்தா ஓலையை நனைத்துவைத்தார். அந்தக் கொட்டானைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து முடைந்தார்.